கேஸ் 409தானே, சார்?

ஜெயிலுக்குப் போய்வந்தவனிடம் ஊர் இரண்டை எதிர்பார்க்கிறது. ஒன்று தாடி, இன்னொன்று தத்துவம். எனக்குத் தாடி சரியாக வளராது. மழை பொய்த்த வருஷத்துச் சோளக்காடு மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும். தத்துவத்தின் விளைச்சலும் ஏறக்குறைய அதே லட்சணம்தான்.

வெளியே வந்த புதிதில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார்: "உள்ள போனா மனுசன் தன்னையே உணர்ந்துக்குவானாமுங்களே, நெசமுங்களா?" தூரத்துச் சொந்தம். கேலி இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டார். நான் கண்ணை லேசாக மூடி, மெதுவாகத் தலையாட்டினேன். அவர் உருகிப்போய், பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு என் இலையில் இன்னொரு ஜிலேபி வைக்கச் சொன்னார். உணராததை உணர்ந்ததாகக் காட்டி வாங்கிய அந்த ஜிலேபியையும் சேர்த்தால், நான் கையாடிய பொருள்களின் பட்டியல் தீர்ப்போடு முடியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

தலையாட்டியவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பெரிய மனிதர்கள் சிறைக்குப் போய் வழக்கத்தைக் கெடுத்துவைத்திருக்கிறார்கள். ராஜாஜி 1921 டிசம்பரில் வேலூர் சிறைக்குப் போனார். இருந்தது 3 மாதம். அதற்குள் நாட்குறிப்பு எழுதி, அது ‘சிறையில் தவம்’ என்று புத்தகமாகவும் ஆனது. அவருக்கு முன்னால் வ.உ.சிதம்பரனார். 1908-ல் நீதிபதி பின்ஹே அவருக்கு விதித்தது இரட்டை ஆயுள், 40 வருஷம். மேல்முறையீட்டில் 6 வருஷமாகக் குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்துக்கொண்டிருந்த அந்த மனிதர், அதே காலத்தில் ஜேம்ஸ் ஆலன் என்கிற ஆங்கிலேயரின் நூலைத் தமிழாக்கினார். ‘மனம்போல வாழ்வு’ என்ற பெயரில் 1909-ல் அது வெளிவந்தது. மனத்தில் நினைப்பது எதுவோ அதுதான் வாழ்க்கையாக விளையும் என்பது அதன் சாரம்.

நானும் கோவைச் சிறையில்தான் இருந்தேன். நூறு வருஷத்துக்கு மேல் தாமதமாக, வேறு காரணத்துக்காக. கொங்குப் பக்கம் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் செயலாளராக இருந்தவன் நான். இல்லாத நகைகளை இருப்பதாகப் பதிவேட்டில் எழுதி, உறுப்பினர்கள் பேரில் நகைக்கடன் போட்டு, அந்தப் பணத்தை எடுத்தேன். மதிப்பீட்டாளர் கையெழுத்தையும் நானே போட்டேன். துறையில் கூட்டுறவுச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு விசாரணை வந்தது, பிறகு போலீஸ் வந்தது, பிறகு இந்தியத் தண்டனைச் சட்டம் 409-உம் 477-ஏ-உம் வந்தன. முன்னது நம்பிக்கை மோசடி, பின்னது பொய்க் கணக்கு. நான் மனத்தில் நினைத்துக்கொண்டிருந்தது சங்கத்துப் பெட்டகத்தை; ஆக, ஜேம்ஸ் ஆலன் சொன்னது பலித்துத்தான் இருக்கிறது.

மனைவி முதல் தடவை மனு பார்க்க வந்தபோது, கம்பிக்கு அந்தப்பக்கம் நின்று அழுதுவிடுவாளோ என்று பயந்து, தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "இது சாதாரண எடமில்ல தெரியுமா, வ.உ.சி. இருந்த ஜெயிலு" என்றேன். அவள் அழவில்லை. "ஏனுங்க, அவரு கப்பலு விட்டுட்டுப் போனாரு. நீங்க கப்பலக் கவுத்துப்போட்டுல்ல வந்துருக்கறீங்க" என்றாள். பக்கத்தில் மனு பார்த்துக்கொண்டிருந்த கைதி ஒருவன் தன் அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

என்றாலும் எனக்கு உள்ளூர ஒரு திட்டம் இருந்தது. வந்ததுதான் வந்தோம், தன்னையறிந்து திரும்பிவிடுவது. சிறை நூலகத்தில் கிடைத்த ஒரு புத்தகத்தில் நெல்சன் மண்டேலாவின் கடிதம் ஒன்றைப் பற்றிப் படித்திருந்தேன். ராபன் தீவில் இருந்தபடி 1975 பிப்ரவரியில், அப்போது வேறொரு சிறையில் இருந்த மனைவி வின்னிக்கு எழுதியது. தன்னைத் தானே அறிந்துகொள்ளச் சிறை அறை நல்ல இடம். தூங்கப் போகுமுன் தினமும் 15 நிமிஷம் உட்கார்ந்து பார். ஆரம்பத்தில் உன் குறைகள் உனக்குப் பிடிபடாது, விடாமல் செய்தால் பத்தாவது தடவையிலாவது பலன் கிடைக்கும் என்கிற மாதிரி யோசனை சொல்லியிருந்தார்.

கேண்டீனில் நோட்டு ஒன்று வாங்கினேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதன் கீழே ‘என் குறைகள்’ என்று அடிக்கோடிட்ட தலைப்பு. யோசித்து யோசித்து எழுதிய குறைகள் இவை: எல்லாரையும் எளிதில் நம்பிவிடுவேன். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. குடும்பத்துக்காக என்னையே அழித்துக்கொள்வேன். வேலைக்கு நேர்காணல் நடத்துகிறவர் ‘உங்கள் பலவீனம் என்ன’ என்று கேட்டால், பட்டதாரிப் பையன்கள் ‘அதிகமாக உழைத்துவிடுவேன் சார்’ என்பார்களே, அந்த ரகம். அதற்குமேல் குறை அகப்படவில்லை. நோட்டு வீணாகக் கூடாதே என்று பின்பக்கத்திலிருந்து மற்றவர்கள் குறைகளை எழுதத் தொடங்கினேன். எனக்கு வலப்பக்கம் படுப்பவனின் குறட்டை, இடப்பக்கம் படுப்பவன் என் சோப்பைத் தொடுவது, கிளார்க் வேலைக்கு என்னைவிட்டு இன்னொருவனை எடுத்தது, துறை அதிகாரிகள், எனக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்கள். கையெழுத்து முத்து முத்தாக ஓடியது. நோட்டு பின்பக்கத்திலிருந்தே தீர்ந்து, முதல் பக்கத்துப் பிள்ளையார் சுழியைத் தொட்டுவிட்டது.

இதற்கிடையில் உள்ளே எனக்கு ஒரு அந்தஸ்து உருவாகியிருந்தது. எழுதத் தெரிந்தவனுக்குச் சிறையில் மதிப்பு உண்டு. லீவுக்கு மனு, மேல்முறையீட்டுக்கு இலவச சட்ட உதவி கேட்டு மனு, வீட்டுக்குக் கடிதம் என்று பிளாக்கில் பாதிப் பேர் என்னிடம் வந்தார்கள். எல்லாரும் ‘செக்ரட்டரி சார்’ என்றே கூப்பிட்டார்கள். வெளியே பறிபோன பதவி உள்ளே நீடிக்கிறதே என்று எனக்குப் பெருமை. சேவைக்குக் காசு வாங்கவில்லை. பிஸ்கட்டும் பீடிக்கட்டும் வாங்கினேன். எனக்குப் பீடிப் பழக்கம் கிடையாது. வாங்கிச் சேர்த்த பீடியை, கைமுட்டுப்பாடாக இருப்பவர்களுக்குக் கடனாகக் கொடுத்து, திரும்பும்போது ஒரு கட்டோடு ரெண்டு பீடி சேர்த்து வாங்கினேன். யார் எவ்வளவு பாக்கி என்று எழுதிவைக்கவும் ஆரம்பித்தேன். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் மோசடி செய்து உள்ளே வந்தவன், வந்த இடத்தில் ஒரு கடன் சங்கத்தைத் திறந்திருக்கிறேன் என்பது எனக்குச் சத்தியமாக உறைக்கவில்லை. ஏழைகளுக்கு உதவுகிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாளில்தான் பெரியவர் ஒருவர் கடிதம் எழுத வந்தார். ஆயுள் கைதி, சத்தியமங்கலத்துப் பக்கம். பங்காளித் தகராறில் தம்பியைக் குத்திவிட்டு வந்தவர். எழுத்து தெரியாது. மகளுக்கு முதல் குழந்தை பிறந்திருந்தது. அவர் சொன்னது நாலே நாலு விஷயம்: பேத்தியைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. உங்க சித்தப்பனைக் குத்தினது நான்தான், அதில் உன் பேரில் ஒரு தப்பும் இல்லை. சித்தி வீட்டில் யாராவது ஏசினால் பதில் பேசாதே. ஆடு ரெண்டையும் விற்றுவிடு.

இதை வைத்துக்கொண்டு நான் காப்பியம் பாடினேன். ‘அன்பு மகளுக்கு, விதியின் விளையாட்டால் அன்று நிகழ்ந்துவிட்ட துயரச் சம்பவத்தின் நிழல் உன் இல்லற வாழ்வில் படிந்துவிட்டதை எண்ணி’ என்று போகும் கடிதம். ஆடு விற்கிற சமாச்சாரம் நடைக்குப் பொருந்தாததால் விட்டுவிட்டேன். உரக்கப் படித்துக்காட்டினேன். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் கைநாட்டு வைத்தார். நெகிழ்ந்துபோய்விட்டார் என்று நினைத்தேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து மகள் மனு பார்க்க வந்துவிட்டுப் போனாள். பெரியவர் நேராக என்னிடம் வந்தார். "சார், கோவிச்சுக்காதீங்கொ. அந்தக் காயிதத்த யாரோ கட்சிக்காரங்க எழுதுனாப்ல இருக்குது, அப்பன் எழுதுனாப்ல இல்லைன்னு புள்ள அழுவுது" என்றார். பிறகு கொஞ்சம் நின்று, "குத்துனது நான்னு சொல்லச் சொன்னேனுங்கோ. நீங்க அத எழுதவே இல்லீங்களாமே? அது என்னமோ தானா நடந்துதுன்னு எழுதியிருக்கறீங்களாமா. தானா எப்படீங்க நடக்கும்? கத்தி எங்கையிலதானுங்க இருந்துச்சு" என்றார்.

நான் பதில் சொல்லாமல் புது இன்லேண்ட் லெட்டரை எடுத்து, அவர் சொல்லச் சொல்ல அப்படியே எழுதினேன். ஆடு உட்பட. அவரிடம் வாங்கிய பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். அது ஏற்கெனவே தின்று தீர்ந்திருந்தது.

என் வழக்கில் போலீஸிடமும் கோர்ட்டிலும் நான் கொடுத்த வாக்குமூலங்களை அன்று ராத்திரி நினைத்துப் பார்த்தேன். ‘கணக்கில் வித்தியாசம் ஏற்பட்டுவிட்டது’. ‘பதிவேட்டில் குளறுபடி நேர்ந்துள்ளது’. ‘குடும்பச் சூழ்நிலை அமைந்துவிட்டது’. எல்லாம் தானாகவே நடந்திருக்கின்றன. சங்கத்துக்குள் நான் இருந்ததற்கான தடயமே அந்த வாக்கியங்களில் இல்லை. எழுத்து தெரியாத ஒரு மனிதர் ஒரு பொழுதில் சொல்லிவிட்டதை, வணிகவியல் படித்தவன் விசாரணை, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு, மேல்முறையீடு என்று இத்தனை கட்டத்திலும் சொல்லாமல் தப்பித்திருக்கிறேன்.

இவ்வளவு விளங்கிய பிறகு மனிதன் திருந்தியிருக்க வேண்டுமே? அங்கேதான் கோழி வருகிறது.

எங்களுக்கு வாரத்தில் ஒருநாள் கோழிக் குழம்பு. அன்றைக்குப் பிளாக்கே காலையிலிருந்து வேறு முகத்தோடு இருக்கும். தலைக்கு இவ்வளவு என்று அளவு உண்டு. கூடுதல் குறைச்சல் ஆனால் வம்பு. பரிமாறுகிறவன் மேல் இருந்த புகாரால் ஆளை மாற்றி, ‘படிச்சவர், வயசானவர்’ என்று கரண்டியை என் கையில் கொடுத்தார்கள். போடுகிறவன் தன்னவனானால் கடைப்பந்தியும் அடிப்பந்திதான் என்பார்கள். நான் அப்படியெல்லாம் ஓரவஞ்சனை செய்யவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரே அளவு, ஒரே மாதிரி துண்டு. யாருக்கும் ஒரு சொல் கேட்க வழியில்லை. கடைசியில் என் தட்டில் சோற்றைப் போட்டு, அதன்மேல் குழம்பை ஊற்றி, உட்கார்ந்தேன்.

எதிரே உட்கார்ந்திருந்தவன் சின்னப் பையன், திருட்டு வண்டி கேஸ். என் தட்டையே பார்த்தான். சோற்றுக்கு அடியிலிருந்து கால் துண்டு ஒன்றின் எலும்பு முனை எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. மேலே இருந்த துண்டு என் பங்கு. அடியில் இருந்தது என் பங்கு அல்ல. எப்போது அங்கே போனது என்று கேட்டால், எனக்கே சரியாகத் தெரியாது. கரண்டி பாத்திரத்துக்குள் போனது ஞாபகம் இருக்கிறது. சோறு போடுமுன் தட்டில் ஏதோ விழுந்தது மங்கலாக ஞாபகம் இருக்கிறது. பையன் சத்தம் போடவில்லை. குனிந்து, ரகசியமாக, ரொம்ப மரியாதையாகக் கேட்டான்: "கேஸ் 409தானே, சார்?"

அந்தக் கால் துண்டை நான் சாப்பிட்டேன். திருப்பிப் பாத்திரத்தில் போட்டேன் என்று எழுத ஆசைதான். போடவில்லை. பையனுக்குப் பாதி கொடுத்தேன். அது தருமமல்ல, வாயடைப்பு.

மண்டேலா சொன்ன 15 நிமிஷம் அன்றைக்குத்தான் எனக்கு முதல்முறையாக வாய்த்தது. கோழி ஜீரணமாகாமல் தூக்கம் வரவில்லை என்பதும் ஒரு காரணம். எது முன்னே, எது பின்னே என்று வரிசைப்படுத்திப் பார்த்தேன். கை முதலில் போயிருக்கிறது. போகும்போது மனத்தில் ஒரு யோசனையும் இல்லை, பேராசைகூட இல்லை. துண்டு சோற்றுக்கு அடியில் போய்ச் சேர்ந்த பிறகுதான் மனம் வேலைக்கு வந்து உட்கார்ந்து காரணம் எழுதியிருக்கிறது: இத்தனை பேருக்கு நின்றுகொண்டே பரிமாறினோம், கடைசி ஆளாக ஆறின சோறு தின்கிறோம், ஒரு துண்டு கூடப்போனால் என்ன. முதலில் பணம், அப்புறம் வவுச்சர். சங்கத்திலும் இதே முறையில்தான் நடத்தியிருக்கிறேன்.

சங்கத்தில் நான் முதன்முதலில் எடுத்தது மகளின் காலேஜ் பீஸுக்கு. மறுநாள் கடைசித் தேதி, எனக்குச் சம்பளம் வர நாலு நாள் இருந்தது. எடுத்தேன். சம்பளம் வந்ததும் பைசா குறையாமல் திருப்பி வைத்தேன். அப்படி வைத்ததுதான் என்னைக் கெடுத்தது. பிடிபட்டிருந்தால் ஒரு மெமோவோடு போயிருக்கும். திருப்பி வைத்ததால் ‘நான் எடுத்தாலும் வைத்துவிடுகிறவன்’ என்று எனக்கு நானே நற்சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன். அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டுதான் வீடு கட்டினேன், மகள் கல்யாணத்தை நடத்தினேன். தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று சங்கத்தில் சிரித்துக்கொண்டே சொல்வோம். நான் புறங்கையில் ஆரம்பித்து அடையோடு தின்றவன். பையன் சொன்ன அந்த 409 என்ற எண்ணே 2024 ஜூலை 1 முதல் இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 316-க்குள் போய்விட்டது. எனக்கு அந்த மாற்றம் பொருந்தாது. பையன் வைத்த பெயர் பழைய எண்ணில் இருக்கிறது.

விடுதலையாகி வீட்டுக்கு வந்த அன்று நன்றாகத்தான் நடந்துகொண்டேன், சாப்பிட்டு முடிக்கும்வரை. உள்ளே இருந்த காலம் முழுக்க என் தட்டை நான்தான் கழுவினேன். துணியை நான்தான் துவைத்தேன். படுக்கையை நான்தான் சுருட்டினேன். இதனால் எனக்கு அகந்தை போய்விட்டது என்று மனைவிக்கு விளக்கிக்கொண்டே சாப்பிட்டேன். விளக்கம் முடிந்தது, எழுந்து கை கழுவிவிட்டு, ஈஸிசேரில் போய்ச் சாய்ந்தேன். தட்டு மேசையிலேயே இருந்தது. அவள் தட்டை எடுத்துக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "அகந்த போனது நல்லதுங்க. இதையுங் கொண்டு போயிருச்சுன்னா தேவல" என்று சொல்லிவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். அந்த மெஷின்தான் நான் இல்லாத காலத்தில் அரிசி வாங்கியது. அதைப் பற்றி அன்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அவள் சொல்லித்தான் தெரிந்தது. சிறையில் உழைத்த கூலியில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்குப் பிடிப்பார்கள். அந்தப் பிடித்தத்தை மட்டும் அன்று அவளிடம் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், கடனெல்லாம் அடைந்துவிட்டது என்று எனக்கு நானே ரசீது போட்டுக்கொள்கிற தொனியில்.

சொந்த ஊரில் இருக்க முடியாது என்று வேறு ஊரில் வாடகைக்குப் பார்த்துப் போனோம். வீட்டுக்காரர், "இத்தன நாளா எங்கீங்க இருந்தீங்க?" என்றார். உண்மையைச் சொல்லப் பல நாள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். "மஸ்கட்ல. அக்கவுண்ட்ஸ் வேலை" என்று வந்தது.

பொய்யோடு குடித்தனம் நடத்துவது எனக்குப் புதிதில்லை. ஆனால் இந்தப் பொய்க்குப் பூகோளம் தேவைப்பட்டது. எதிர்வீட்டில் ஒருவர் நிஜமாகவே மஸ்கட்டில் பதினைந்து வருஷம் இருந்து திரும்பியவர். கேள்விப்பட்டு, சொந்த ஊர்க்காரனைக் கண்ட சந்தோஷத்தில் ஓடிவந்தார்.

"ரூவிங்களா? ரூவியில எந்தப் பக்கம்?"

"கொஞ்சம் உள்ள தள்ளி."

"கம்பெனியே ரூம் குடுத்துட்டாங்களா?"

"ஆமாங்க. தங்கல், சாப்பாடு எல்லாம் அவங்களே."

"லீவெல்லாம்?"

"எழுதிக் குடுக்கணும். அவங்க பாத்துக் குடுத்தாத்தான்."

"பாஸ்போர்ட்ட வாங்கி வெச்சுக்குவாங்களே..."

"எல்லாத்தையுமே வாங்கி வெச்சுக்குவாங்க."

என் வாழ்க்கையில் இவ்வளவு உண்மை பேசிக்கொண்டே இவ்வளவு பெரிய பொய்யை நான் சொன்னதில்லை. அவர் போன பிறகு பெருமை தாங்காமல் மனைவியிடம் சொன்னேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "வாடகை பேசறப்பவே வீட்டுக்காரம்மாகிட்டச் சொல்லிப் போட்டனே, ஜெயில்ல இருந்து வந்துருக்கறாருன்னு" என்றாள். வீட்டுக்காரருக்குத் தெரியும். எதிர்வீட்டுக்காரருக்கும் தெரியும். என் மனம் நோகக்கூடாதே என்று ரெண்டு பேரும் என்னை மஸ்கட்டிலேயே வைத்திருந்தார்கள். ரூவியில் எந்தப் பக்கம் என்று கேட்டது மட்டும், மனிதருக்கு அடக்க முடியாத ஆசை போலிருக்கிறது.

மறுபடியும் வ.உ.சி.யிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி இல்லை, வக்கீல் சன்னது இல்லை. சென்னையில் கடை வைத்துப் பிழைத்தார். தென்னாப்பிரிக்காவில் அவருக்கென்று திரட்டிய பணம் காந்தியிடம் இருந்தது. 1915-ல் அதற்காகக் காந்திக்குக் கடிதம் எழுதினார், பணம் வருகிறவரை எழுதிக்கொண்டே இருந்தார். 1916 தொடக்கத்தில் வந்து சேர்ந்தது 347 ரூபாய் 12 அணா. எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, பணம் வேண்டும் என்று சொல்ல அவருக்குக் கூச்சம் இல்லை. சன்னதைத் திரும்பப் பெற உதவிய நீதிபதி வாலஸ் நினைவாகத் தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். நாட்டுக்காகப் போனவரே நடந்ததை நடந்தபடி ஒத்துக்கொண்டு கடைவைத்து உட்கார்ந்திருக்கிறார். சங்கத்துப் பணத்துக்காகப் போனவனுக்குக் கௌரவம் மஸ்கட் வரை நீள்கிறது.

ஒருவழியாக ஹார்டுவேர்ஸ் கடை ஒன்றில் வேலை கிடைத்தது. முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். மனைவி முன்பே சொல்லியிருப்பாள் என்ற பயமும் ஒரு காரணம். அவர் யோசித்துவிட்டு, "கணக்கு எழுதுங்க, குடோன் பாத்துக்கங்க. கல்லாப் பக்கம் மட்டும் வேண்டாமுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. தண்டனை அனுபவித்து முடித்தவனை இப்படியா பேசுவது என்று அன்று முழுக்க ஆணி மூட்டைகளுக்கு நடுவில் குமைந்தேன். சங்கத்தில் நான் செயலாளராக இருந்தபோது என்னைப் போல ஒருவன் வேலை கேட்டு வந்திருந்தால் வாசற்படியோடு அனுப்பியிருப்பேன் என்பது சாயங்காலம் சைக்கிளில் வரும்போதுதான் தோன்றியது.

ஒரு காரியம் பாக்கி இருந்தது. நான் பொய்க்கடன் எழுதிய பேர்களில் ஒரு ஆத்தா இருந்தார். புருஷன் இல்லை, அரை ஏக்கர் மானாவாரி. காதில் தோடுகூடக் கிடையாது, ஓட்டைதான் இருக்கும். அவர் பேரில் நான் எழுதியது ஒரு காசுமாலை. பவுன் கணக்கைக் கூட்ட அதுதான் வசதியாக இருந்தது.

மன்னிப்புக் கேட்கப் போனேன். ஆத்தா திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே பேசினேன். மனசாட்சி, சிறை, தனிமை, தன்னையறிதல், பெரியவரின் கடிதம், கோழி எதையும் விடவில்லை. இடையில் எனக்கே குரல் தழுதழுத்தது. ஆத்தா கொட்டையை ஒரு பக்கமும் சதையை ஒரு பக்கமும் ஒதுக்கியபடி கேட்டார். முடித்ததும், "காசுமாலையாமா, எனக்கு? எழுதறது எழுதுன, ஒரு சோடி வளையலுஞ் சேத்தி எழுதியிருக்கலாமல்லோ கண்ணு" என்றார். அப்புறம் எழுந்து உள்ளே போய், தகரப்பெட்டியிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்துவந்து நீட்டினார். "அதெல்லாங் கெடக்குது சாமி. இந்தக் கடன் இன்னும் எம்பேர்லயே நிக்குதாமா. அதனால பேரனுக்கு மாட்டுலோன் குடுக்க மாட்டேங்கறாங்கொ. இத எடுத்துப்போட எங்க எழுதிக் குடுக்கோணும்?"

தழுதழுத்த குரலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவருக்கு என் உள்ளொளி தேவைப்படவில்லை. ஒரு வெள்ளைத்தாள் தேவைப்பட்டது. அத்தனை நேரம் நான் பேசியதில் ஆத்தா எங்கேயும் வரவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. திண்ணையிலேயே உட்கார்ந்து எழுதினேன். ‘மேற்படி உறுப்பினர் பெயரில் தவறுதலாகப் பதிவாகியுள்ள கடனை’ என்று கை ஓடியது. ‘பதிவாகியுள்ள’ வரை வந்து நின்றேன். கத்தி யார் கையில் இருந்தது? தாளைக் கிழித்துப்போட்டு வேறு தாள் கேட்டேன். ‘இந்தக் கடனை இவர் வாங்கவில்லை. இவரிடம் நகை எதுவும் இல்லை. இவர் பேரில் பொய்யாக எழுதிப் பணத்தை எடுத்தவன் நான்’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கேஸ் நம்பரையும் குறித்தேன். ஆத்தாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். விரல் வைத்துப் படித்துவிட்டு, "இதச் சொல்லவா இத்தன நேரம் நின்னுட்டிருந்த" என்றார். கோப்பு மெதுவாக நகர்கிறது. நானும் மாதாமாதம் ஆத்தாவோடு போய் அதைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் கடையில் முதலாளி சாப்பிடப் போயிருந்தார். வாடிக்கைக்காரர் ஒருவர் பழைய பாக்கியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். கல்லா பூட்டியிருந்தது. பணத்தைச் சட்டைப்பையில் வைத்தேன். பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்ததாகத்தான் நினைப்பு. முதலாளி வந்தார், டீ குடித்தோம், சிமெண்ட் லாரி வந்தது. மூட்டை இறக்கும்போது பை கனத்தது. முதலாளி வந்த உடனே ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டுக்கொண்டேன். லாரி வந்துவிட்டதே என்று உடனே பதில் வந்தது. பதில் அவ்வளவு வேகமாக வந்ததில் எனக்குச் சந்தேகம் தட்டியது. லாரி வந்தது டீக்குப் பிறகு.

நேராகப் போய்ப் பணத்தைக் கொடுத்து, "இது மறதி இல்லீங்க. மறதின்னு சொல்லத்தான் வந்தேன்" என்றேன்.

முதலாளி எண்ணிக் கல்லாவில் போட்டுக்கொண்டே, "தெரிஞ்சுதானுங்களே உங்களக் குடோன்ல வெச்சுருக்கறேன்" என்றார்.

சங்கத்தில் செய்தது இன்னதென்று எனக்குப் புரிய வருஷக்கணக்காயிற்று, அதுவும் கோர்ட்டு எடுத்துச் சொல்லி. கோழிக்காலுக்கு ஒரு ராத்திரி பிடித்தது. ஆத்தா திண்ணையில் ஒரு தாள் வீணானது. இப்போது டீ குடித்து லாரி வருகிற நேரம். கை இன்னும் முன்னாலேதான் போகிறது. பின்னால் வருகிற மனம் முன்னைவிடச் சீக்கிரம் வந்து சேர்கிறது. நான் இதை முன்னேற்றம் என்கிறேன். முதலாளி, கல்லாவுக்கும் குடோனுக்கும் நடுவில் ஒரு கதவு போடப்போவதாகச் சொல்கிறார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான்.